யானைத் துப்பாக்கி பேக்கர்!

தையல்காரரிடம் அளவு கொடுத்து, சட்டை தைத்துக்கொள்கிறோம் அல்லவா... அதுபோல, அளவு சொல்லி தனக்கென்று ஒரு துப்பாக்கி செய்து வாங்கினார், ஓர் இளைஞர். அவர் பெயர், சாமுவேல் பேக்கர்.

இங்கிலாந்தின் லண்டன் நகரில், 1821ல் பிறந்தார் பேக்கர். தந்தை, வசதியான வியாபாரி. படிப்பைவிட காடும், வேட்டையும்தான் பையனுக்குப் பிடித்தன.

பெரிய விலங்கை வீழ்த்த, பெரிய குண்டும், நிறைய மருந்தும் வேண்டும் என்பது அவரது எண்ணம். 1840ல், 20 வயதுகூட நிறையாதபோது, பிரிஸ்டல் நகரிலிருந்த கிப்ஸ் என்ற துப்பாக்கி செய்பவரிடம் போனார். தன் திட்டத்தைச் சொன்னார். அப்படி உருவான துப்பாக்கியின் எடை, 9.5 கிலோ! குழலின் நீளம், 3 அடி. ஈயக் குண்டு, பெரிய கோலிக் குண்டு அளவு. எடை 85 கிராம். ஒரு முறை சுட, 28 கிராம் வெடிமருந்து தேவைப்பட்டது.

குழலின் உள்ளே திருகாணி போல சுற்றிச் செல்லும் இரண்டு பள்ளங்கள் உண்டு. குண்டைச் சுற்றியிருக்கும் பட்டை, அந்தப் பள்ளங்களில் பொருந்தும். அதனால், குண்டு சுழன்றபடியே வெளியேறும். சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் விலகாமல் நேராகப் போகும்.

ஆனால், ஒரு சிக்கல்... நம் ஊர் நாட்டுத் துப்பாக்கி போல, இதிலும் குழலின் வாய் வழியாகத்தான் மருந்தைக் கொட்ட வேண்டும். பிறகு குண்டை வைத்து, நீண்ட கம்பியால் அடிவரை தள்ள வேண்டும். கடைசியாக, தீபாவளிக் கேப்பு போன்ற சின்ன செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். அதன்பின்தான் சுட முடியும். குறி தப்பினால், இத்தனையும் மீண்டும் செய்யும்வரை யானை காத்திருக்குமா?

அதனால், மருந்து நிரப்பிய வேறு துப்பாக்கிகளைச் சுமந்து, உள்ளூர் ஆட்கள் பின்னால் வருவர். யானை பாய்ந்து வந்தால், சிலர் துப்பாக்கியோடு ஓடிவிடுவதும் உண்டு. இதைச் சொல்லி, பேக்கர் கோபப்பட்டிருக்கிறார். எனக்கு என்னவோ, அந்த ஆட்கள் மீதுதான் இரக்கம் வருகிறது!

1840களின் நடுவில், இலங்கைக்கு வந்தார் பேக்கர். பயிரை அழிக்கின்றன என்று, யானையைக் கொல்பவர்களுக்கு ஆங்கில அரசே பரிசுப் பணம் கொடுத்த காலம் அது. இலங்கை யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. ஆக, தந்தத்துக்காகக்கூட இல்லை. விளையாட்டாகவே சுட்டுத் தள்ளினர். ரோஜர்ஸ் என்ற ராணுவ அதிகாரி மட்டும், 1,300க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வர்.

காட்டுக் காய்ச்சலில் படுத்த பேக்கர், உடல் தேற நுவரெலியா மலைக்குப் போனார். நம் ஊட்டி போல குளிரான இடம். அது பிடித்துப்போகவே, 1848ல் இங்கிலாந்திலிருந்து குடும்பம், ஆடு மாடுகள், வேலையாட்கள் எல்லாரையும் அழைத்து வந்து குடியேறினார். முதலில் பயிர் பாழானது, கால்நடைகள் இறந்தன. ஆனாலும், விடவில்லை. பண்ணை தழைத்தது.

1855ல் நாடு திரும்பினார். அந்த ஆண்டே மனைவி இறந்தார். 1859ல், பல்கேரியாவின் விடின் நகர அடிமைச் சந்தையில், விற்பனைக்கு நிறுத்தப்பட்டிருந்த புளோரன்ஸ் என்ற இளம் பெண்ணை மீட்டார். பின்னாளில் அவரையே மணந்தார். இருவரும் நைல் நதியின் பிறப்பிடத்தைத் தேடி, ஆப்பிரிக்காவில் பயணம் செய்து, 1864 மார்ச் 14ல், ஒரு பெரிய ஏரியைக் கண்டனர். உள்ளூர் மக்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த ஏரிதான். அதற்கு ஆல்பர்ட் என்று பெயர் வைத்தார் பேக்கர்.

அந்தப் பயணத்திலும், ஒரு ராட்சதத் துப்பாக்கி கூடவே வந்தது. செல்லப்பெயர், பேபி! வெடிக்கும் குண்டைப் போட்டுச் சுடுவது. சுட்டால், அது உதைக்கிற உதையில் பேக்கரே சுழன்றுபோவார். அரபு மக்கள் அதை, பீரங்கியின் பிள்ளை என்றனர்.

1869 முதல் நான்கு ஆண்டுகள், எகிப்து அரசருக்காக, மேல் நைல் பகுதியில் அடிமை வியாபாரத்தை ஒடுக்கப் போராடினார். மனிதர்களை விற்பதைப் பொறுக்காத அவருக்கு, யானையைச் சுடுவது மட்டும் தவறாகத் தெரியவில்லை. வேட்டை ஆசை, கடைசிவரை அவரை விடவில்லை. 1893 டிசம்பரில், இங்கிலாந்தில் காலமானார்.

நுவரெலியா அருகே ஹார்ட்டன் சமவெளியில், பேக்கர் நீர்வீழ்ச்சி இன்றும் கொட்டுகிறது. அந்தச் சமவெளியில் கூட்டமாகத் திரிந்த யானைகளைத்தான் இப்போது காணோம்.