எமி ஜோன்சன்: பழுது பார்க்கவும் கற்ற விமானி

1930ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் திகதி காலை, இலண்டனை அடுத்த குரொய்டன் விமான நிலையத்திலிருந்து இருபத்தாறு வயதுப் பெண்ணொருவர் தன்னந்தனியாக அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டார். வழியனுப்ப வந்தவர்கள் தந்தையாரும் நண்பர்கள் சிலருமே. விமானம் சிறியது, இருக்கைக்கு மேல் கூரையில்லை, வானொலியும் இல்லை. பத்தொன்பதரை நாட்களின் பின் அவர் டார்வின் நகரில் இறங்கியபோது அவருடைய பெயரை அறியாத நாடு இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. அவரே எமி ஜோன்சன்.

எமி 1903ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி இங்கிலாந்தின் துறைமுக நகரான ஹல்லில் பிறந்தார். தந்தையார் மீன் வர்த்தகர். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எமி, இலண்டனில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் செயலாளராகப் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் ஸ்ராக் லேன் விமானக் கழகத்தில் சேர்ந்து பறக்கப் பழகி, 1929ஆம் ஆண்டில் விமானி அனுமதிப்பத்திரம் பெற்றார்.

அத்துடன் அவர் நின்றிருந்தால், பொழுதுபோக்காகப் பறந்த பல பெண்களுள் ஒருவராகவே இருந்திருப்பார். ஆனால் அவர் விமானக் கொட்டகைக்குள்ளும் நுழைந்தார். ஆண்கள் மட்டுமே வேலை செய்த அவ்விடத்தில் கழகத்தின் தலைமைப் பொறியியலாளர் ஜாக் ஹம்பிறீஸ் அவருக்குக் கைகொடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் இயந்திரத்தைக் கழற்றவும், துப்புரவு செய்யவும், மீண்டும் பூட்டவும் கற்றார். அதே ஆண்டு இறுதியில் தரைப் பொறியியலாளருக்கான அரச அனுமதிப்பத்திரம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண்மணியானார். இந்தக் கல்வியே பின்னர் அவர் பயணத்தைக் காப்பாற்றியது.

அவுஸ்திரேலியப் பயணத்துக்காக வாங்கியது, ஒருவர் பாவித்து விற்ற ஜிப்சி மொத் விமானம். அதன் விலையான 600 பவுணைத் தந்தையாரும் எண்ணெய் வர்த்தகப் பிரபு வேக்ஃபீல்டும் பகிர்ந்துகொண்டனர். தந்தையாரின் மீன் வர்த்தக முத்திரையின் பெயரான ஜேசன் என்பதையே விமானத்துக்கும் சூட்டினார். அதுவரை எமி தனியாகப் பறந்த மிக நீண்ட தூரம் இலண்டனிலிருந்து ஹல் வரைதான்! இப்போதோ கடக்கவேண்டியது ஏறத்தாழ 11,000 மைல்.

நாள் முழுதும் பறந்த பின்னரும் அவருக்கு ஓய்வில்லை. எண்ணெய் மாற்றி, பிளக்குகளைத் துடைத்து, வடிகளைச் சுத்தம் செய்த பின்னரே உறங்குவார். ஒற்றை இயந்திரம் நடுவானில் நின்றால் மிஞ்சுவது சறுக்கி இறங்குவதற்கான சில நிமிடங்கள் மட்டுமே என்பதை அவர் நன்கறிவார்.

பக்தாத் செல்லும் வழியில் மணற்புயல் அவரைப் பாலைவனத்தில் இறக்கியது. பயணப் பொதிகளைச் சில்லுகளுக்கு அண்டைகொடுத்து, மணல் புகாதபடி இயந்திரத்தை மூடி, காற்று விமானத்தைப் புரட்டிவிடாதபடி அதன் வாலின்மேல் அமர்ந்திருந்தார். தூரத்தில் நாய்கள் குரைத்தன. கையில் ஒரு சிறு துப்பாக்கி. புயல் தணிந்ததும் மீண்டும் எழும்பினார்.

ஆறாம் நாள் கராச்சியை அடைந்தார். அவுஸ்திரேலிய விமானி பேர்ட் ஹிங்க்லர் 1928இல் அங்கு வந்துசேர எடுத்த காலத்திலும் இது இரண்டு நாள் குறைவு. அதன்பின் இடர்கள் தொடர்ந்தன. பெற்றோல் குறைந்ததால் ஜான்சியில் படையினரின் அணிவகுப்பு மைதானத்தில் இறங்க, இறக்கை சேதமடைந்தது. அதைச் செப்பனிட்டுக் கல்கத்தா சேர்ந்தார். அடுத்து பர்மா. கொட்டும் மழையில் றங்கூன் குதிரைப் பந்தயத் திடல் என்று எண்ணி அவர் இறங்கியது, இன்செயினில் ஒரு தொழில்நுட்பக் கல்விநிலையத்தின் விளையாட்டு மைதானத்தில். ஜேசன் ஓடிச்சென்று பள்ளத்தில் வீழ்ந்தது. இறக்கை கிழிந்தது, மூக்கிலிருந்த காற்றாடி முறிந்தது, சில்லுகளைத் தாங்கும் சட்டமும் சிதைந்தது.

நல்லகாலமாக, விழுந்த இடமே பட்டறைகள் உள்ள இடம். அங்கிருந்தோர் அனைவரும் உதவிக்கு வந்தனர். முதல் உலகப் போரில் எஞ்சிய விமானத் துணியில் தைத்திருந்த சேட்டுகளைக் கொண்டு இறக்கையை ஒட்டுப்போட்டனர். இலண்டனிலிருந்தே விமானத்தின் பக்கத்தில் கட்டிவந்த மாற்றுக் காற்றாடியும் அப்போதுதான் பயன்பட்டது. மூன்றாம் நாள் ஜேசன் மீண்டும் பறந்தது. ஜாவாவில் கரும்புத் தோட்டமொன்றில் இறங்கியபோது மூங்கில் முளைகள் இறக்கையில் குத்தின. அந்தத் துளைகளை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரால் மூடிக்கொண்டு புறப்பட்டார்.

இறுதியில் தீமோர்க் கடலைத் தாண்டி மே 24ஆம் திகதி டார்வினை அடைந்தார். ஹிங்க்லரின் பதினைந்தரை நாள் சாதனை முறியவில்லை. ஆயினும் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற் பெண் என்ற பெருமை அவருக்கே உரியதாயிற்று.

பின்னாளில் தோக்கியோவுக்கும் கேப் டவுனுக்கும் பறந்து சாதனைகள் படைத்தார். 1934இல், கணவர் ஜிம் மொலிசனுடன் மெல்பேர்ன் விமானப் போட்டியில் கலந்துகொண்டபோது, இந்தியாவில் பொருத்தமற்ற பெற்றோல் நிரப்ப நேர்ந்ததால் இயந்திரம் பழுதடைந்து, அலகாபாத்துடன் போட்டியிலிருந்து விலகவேண்டியதாயிற்று. பெண் பொறியியலாளர் சங்கத்தின் தலைவியாகவும் அவர் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போரில், விமானங்களைத் தளத்துக்குத் தளம் கொண்டுசேர்க்கும் துணைப்படையில் இணைந்தார். 1941 ஜனவரி 5ஆம் திகதி, கடுங்குளிரிலும் மேகமூட்டத்திலும் வழிதவறி, தேம்ஸ் முகத்துவாரத்தில் பரசூட்டுடன் குதித்தார். அவரைக் காப்பாற்றக் கடலில் பாய்ந்த ஹாசில்மியர் கப்பலின் தலைவர் வோல்ற்றர் பிளெச்சரும் உயிர் துறந்தார். எமியின் உடல் கிடைக்கவேயில்லை. வயது முப்பத்தேழு.

ஜேசன் இன்றும் இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்நகரில் வாழும், அந்நகருக்குச் செல்லும் எம் சகோதரிகள் தம் பெண்பிள்ளைகளை அழைத்துச் சென்று அதைக் காட்டவேண்டும். பறந்தவர் ஒரு பெண் என்பதைச் சொல்வதோடு நின்றுவிடாமல், பழுதானபோது ஸ்பனரைக் கையில் எடுத்தவரும் அவரே என்பதையும் சொல்லவேண்டும். ஓட்டக் கற்பதோடு திருத்தவும் கற்றவள் எந்த மைதானத்தில் வீழ்ந்தாலும் மீண்டும் எழுவாள்.