வரலாற்றைத் துருவியவர்

அரசுகள் ஏன் எழுகின்றன? எழுந்தவை ஏன் வீழ்கின்றன? இவ்வினாக்களுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே முறையான விடை தேடிய அறிஞர் இப்னு கல்தூன். அவருடைய வாழ்வையும் ஆய்வுநெறியையும் இப்பாடம் விளக்குகிறது.

இளமையும் இழப்பும்

இப்னு கல்தூன் 1332ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் துனிஸ் நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் செல்வாக்குடன் வாழ்ந்து, பின்னர்க் கடல்கடந்து குடிபெயர்ந்தவர்கள். திருக்குர்ஆன், சட்டம், தருக்கம், கணிதம் ஆகியவற்றைக் கற்றுவந்த இளைஞரின் வாழ்வைக் கொள்ளைநோய் புரட்டிப்போட்டது. 1348-49ஆம் ஆண்டுகளில் பரவிய அந்நோய்க்குப் பெற்றோரையும் ஆசிரியர் பலரையும் அவர் பறிகொடுத்தார். செழித்திருந்த ஊர்கள் வெறிச்சோடியதைக் கண்ட அந்த இளம்நெஞ்சில் நிலையாமை ஆழப் பதிந்தது.

அரசவை வாழ்வு

இருபது வயதளவில் துனிஸ் அரசவையில் எழுத்தர் பணி ஏற்றார். ஃபெஸ், கிரானடா, பிஜாயா எனப் பல அரசவைகளில் பணியாற்றினார். ஆட்சி மாறும்போதெல்லாம் அவரும் சார்பு மாறினார், சூழ்ச்சிகளில் பங்குகொண்டார். ஃபெஸ் நகரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சிறையிலும் இருந்தார். 1364இல் கிரானடா அரசரின் தூதராகச் செவில் சென்றபோது, முன்னோரின் சொத்துகளை மீட்டுத் தருவதாகக் காஸ்டில் மன்னர் கூறினார். அவரோ அதனை ஏற்காது திரும்பினார்.

கோட்டையில் பிறந்த நூல்

அரசியலில் சலிப்புற்ற அவர், 1375இல் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு சலாமா என்னும் கோட்டையில் குடும்பத்துடன் ஒதுங்கினார். அங்கேதான் 1377இல், ஐந்தே திங்களில், முகத்திமா என்னும் நூலை எழுதி முடித்தார். அது அவருடைய பெரும் வரலாற்று நூலுக்கு முன்னுரை. அப்பெருநூலின் பெயரிலேயே படிப்பினைகள் என்னும் பொருள்தரும் சொல் இடம்பெற்றுள்ளது.

கேட்டதை அப்படியே எழுதுவது வரலாறு ஆகாது என்பது அவர் கொள்கை. பண்டை இசுரவேலர் படையில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர் இருந்தனர் என முன்னோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அத்துணைப் பெரும்படையை அந்நிலம் தாங்குமா, ஒரே களத்தில் அணிவகுக்க இயலுமா, சில தலைமுறைகளில் ஓரினம் அவ்வளவு பெருகுமா என்று ஆராய்ந்தார்.

அரசை நிறுவுவது மக்களிடையேயுள்ள பிணைப்புணர்வே என்றார். அதற்கு அசபிய்யா என்று பெயர். முதல் தலைமுறை இடர்ப்பட்டு ஆட்சியை அமைக்கிறது. இரண்டாம் தலைமுறை அதன் பயனைத் துய்க்கிறது. மூன்றாம் தலைமுறையோ இடரையே மறந்து, கூலிப்படையை நம்பி வீழ்கிறது. தொடக்கத்தில் குறைந்த வரி மிகுந்த வருவாய் தருகிறது. ஆடம்பரம் பெருகி வரி உயரும்போது உழவரும் வணிகரும் ஊக்கமிழக்க, வருவாயும் குன்றுகிறது.

இறுதிக் காலம்

1382இல் எகிப்து சென்றார். 1384இல் கெய்ரோவில் நீதிபதியானார். கையூட்டை எதிர்த்ததால் பகை தேடிக்கொண்டார். அவரிடம் வந்துகொண்டிருந்த மனைவி மக்கள் அதே காலத்தில் கப்பல் கவிழ்ந்து மாண்டனர். பதவியிழப்பதும் மீண்டும் பெறுவதும் தொடர்கதையாயின.

1401இல் தைமூரின் படை டமாஸ்கஸ் நகரை முற்றுகையிட்டது. எழுபதை நெருங்கிய அவர், மதிலிலிருந்து கயிற்றின் வழியே இறங்கித் தைமூரைச் சந்தித்தார். தம்முடன் இருந்தோர் சிலருக்குப் பாதுகாப்புப் பெற்றார். நகரை அவரால் காக்க இயலவில்லை. அது சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. வீழ்ச்சியின் காரணங்களை ஆராய்ந்தவர், ஒரு வீழ்ச்சியை நேரில் கண்டார். 1406இல் கெய்ரோவில் காலமானார்.

நமக்கான பாடம்

காலம் மாறினால் சூழலும் மாறும். அதை மறந்து பழமையை நிகழ்காலத்தோடு ஒப்பிடுவது பிழை என்று இப்னு கல்தூனே எச்சரித்தார். அவர் கண்டது மன்னராட்சி. நாம் வாழ்வது மக்களாட்சி. இங்கே அரசு வீழாமலே ஆள்வோரை மாற்ற மக்களால் முடியும். எனினும், உரிமைகளைப் பெற முன்னோர் பட்ட இடரை மறக்கும் தலைமுறை அவற்றை எளிதில் இழக்கும். கைப்பேசியில் வரும் செய்தியையும் எண்ணிக்கையையும் நடக்கக்கூடியதா என ஆராய்ந்த பின்னரே பிறருக்கு அனுப்பும் மாணவர், அவர் காட்டிய நெறியில் நடப்பவரே ஆவார்.