சயாம் அரண்மனையில் ஓர் ஆங்கில ஆசிரியை

கதிரவெளி தொடங்கி மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலுமுள்ள நம் ஊர்களில், ஆசிரியத் தொழிலை நாடிக் கடல் கடக்க விழைவோர் என்றும் உளர். சென்ற தலைமுறையில் நைஜீரியா, எத்தியோப்பியா, சாம்பியா முதலிய ஆபிரிக்க நாடுகளுக்கு இலங்கை ஆசிரியர் சென்று கற்பித்தனர். இக்காலத்தார் மாலைதீவுக்குச் செல்கின்றனர். புறப்படுமுன் நற்சான்றுப் பத்திரம் வேண்டி நம்மிடம் வரும் இளைஞரைச் சம்பளம் எவ்வளவு என்று வினவினால் உடனே விடை வருகின்றது. எவ்விடத்தில் தங்குவீர், நாளொன்றுக்கு எத்தனை பாடவேளை, கற்பித்தலன்றி வேறு பணியும் உண்டோ என்று வினவினாலோ, அனைத்தையும் முகவர் பார்த்துக்கொள்வார் என்பதே விடையாகின்றது. ஆதலின், நம் பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு யாரேனும் ஒருவரது வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு கேட்டபோது, அன்னா லியோனோவென்ஸ் அம்மையாரை எடுத்துக்கொண்டோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு ஆங்கிலம் கற்பித்த மாதொருத்தியின் வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். சற்றுப் பொறுத்து வாசிப்பாராக.

அம்மையாரைத் திரையிற் கண்டோர் நம்முள் பலர் இருப்பர். 1944இல் மார்கரெட் லாண்டன் என்பார் அவர் கதையைப் புதினமாக்கினார். அது 1951இல் இசை நாடகமாகவும் 1956இல் திரைப்படமாகவும் வந்து உலகெங்கும் பரவியது. அத்திரையில் அவர் அகன்ற பாவாடை சுழலச் சயாம் மன்னரோடு நடனமாடுகின்றார். மெய்யான அன்னா அம்மையார் மன்னரோடு ஆடியவரல்லர். வீடு கேட்டு வாதாடியவர்.

அவர் 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இந்தியாவின் மகாராட்டிரப் பகுதியிலுள்ள அகமதுநகரிற் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினியின் பம்பாய்ப் படையிற் சார்ஜன்ட் நிலையில் இருந்தவர். மகள் பிறக்குமுன்னரே இறந்துபோனார். தாயின் வழியில் இந்தியக் குருதி கலந்திருத்தல் கூடும் என்பர் ஆய்ந்தோர். படைவீரர் குடியிருப்பின் நெருக்கத்தில் வளர்ந்த அச்சிறுமி, 1849இல் நத்தார் நாளன்று பூனாவில் தாமஸ் லியோன் ஓவென்ஸ் என்னும் எழுதுவினைஞரை மணந்தார். கணவர் பெயரின் இரு பகுதிகளும் பின்னர் ஒன்றாயிணைந்து லியோனோவென்ஸ் ஆயின. பிழைப்பு நாடி இருவரும் மேற்கு அவுஸ்திரேலியா சென்றனர். அங்குப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார் அன்னா. அங்கிருந்து பினாங்கு. முதலிற் பிறந்த இரு மகவும் சிறுவயதிலேயே மாண்டன. 1859இல் பினாங்கிற் கணவரும் இறந்தார். எஞ்சியோர் ஏவிஸ் என்னும் பெண்ணும் லூயி என்னும் ஆணும் ஆகிய சிறுவர் இருவரே.

கைம்பெண்ணாகிய அன்னா சிங்கப்பூர் சென்று ஆங்கில அதிகாரிகளின் மக்களுக்குப் பள்ளியொன்று தொடங்கினார். அதனால் அவருக்கு நல்லாசிரியை என்ற பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. அங்குதான் தம் பிறப்பைப் பற்றிய புதுக் கதையையும் அவர் புனைந்துகொண்டார் என்று அறிகின்றோம். தாம் வேல்ஸ் நாட்டிற் கேனார்வன் நகரிற் பிறந்தவர் என்றும், தந்தையார் ஓர் உயர்படையதிகாரி என்றும், கணவரும் அவ்வாறே என்றும் சொல்லத் தலைப்பட்டார். இதனை நாம் போற்றவில்லை. ஆயினும், இந்தியாவிற் பிறந்த ஏழைச் சிப்பாயின் மகள் என்று கூறின் அக்காலத்து ஆங்கிலேயர் எவரும் தம் பிள்ளைகளை அவரிடம் அனுப்பியிரார் என்பதையும் மறத்தலாகாது.

அக்காலத்திற் சயாமை ஆண்டவர் மொங்குட் மன்னர். இருபத்தேழு ஆண்டு பௌத்த துறவியாய் வாழ்ந்து 1851இல் அரியணை ஏறியவர், இலத்தீனும் ஆங்கிலமும் கற்றவர், வானநூலில் வல்லவர். 1855இல் ஆங்கில அரசுடன் வாணிக உடன்படிக்கை செய்தபின், மேனாட்டுக் கல்வியின்றித் தம் நாடு பிழைப்பது அரிது எனத் தெளிந்தார். அவருக்கு மனைவியர் முப்பத்தொன்பதின்மர், மக்கள் எண்பத்திருவர் என்று கணக்கிடுவர். இவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க முன்னர் மிசனரிமாரின் மனைவியர் அரண்மனைக்கு வந்தனர். பாடத்தோடு மதமும் புகுந்தமையின் மன்னர் அதனை விரும்பவில்லை. மதம் கலவாது ஆங்கிலமும் அறிவியலும் மட்டும் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரைத் தேடித் தருமாறு, சிங்கப்பூரில் தமக்குக் கொன்சலாயிருந்த தான் கிம் சிங் என்னும் சீன வணிகரைக் கேட்டார். வணிகக் கழகத்தார் சிலரும் இடைநின்று பேசினர்.

பின்னர் நேர்ந்த பிணக்குக்கெல்லாம் வேர் இவ்விடத்திலேயே உளது. ஆகலின் சற்று நின்று நோக்குவோம். முதலிற் பேசப்பட்ட சம்பளம் திங்களுக்கு நூற்றைம்பது வெள்ளி. மன்னர் அதனை நூறாக்கினார். அரண்மனைக்குள்ளேயோ அதன் அணித்தேயோ ஆசிரியை தங்குவதாயின் நூறு போதும் என்பது அவர் கணக்கு என்று அவருடைய கடிதங்களால் தெரிகின்றது. மிசனரிமார் வாழும் பகுதியில் ஆசிரியை குடியேறுவதும் அவருக்கு உடன்பாடன்று. அன்னா அம்மையாரோ, அரண்மனைக்குப் புறத்தே தமக்கெனத் தனி வீடொன்று தரப்படும் என்று கேட்டு, அதனை நம்பிக் கப்பலேறினார். ஒரே உடன்பாடு, இருவர் உள்ளத்தில் இருவேறு வடிவம். இடைநின்றோர் இருவருக்கும் இனியவற்றைச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டனர் போலும்! நம் காலத்து முகவர் செய்வதும் இதுவே.

மகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு, ஐந்து வயதுச் சிறுவன் லூயியுடன் 1862ஆம் ஆண்டு மார்ச் மாதம் அம்மையார் பாங்கொக் வந்திறங்கினார். அவருக்கு வயது முப்பது. வரவேற்பாரும் இல்லை, தங்க இடமும் இல்லை என்று தாம் பின்னாளில் எழுதிய நூலிற் குறித்துள்ளார். முதலிரவு ஆங்கிலத் துறைமுக அதிகாரி ஒருவர் இரங்கி இடமளித்தார். அடுத்த நாள் தொட்டு முதலமைச்சர் சிறீ சூரியவோங்சேயின் மாளிகையிலே ஒரு பகுதி. விருந்தினருமல்லர், வீட்டாருமல்லர் என்ற நிலையில் வாரங்கள் கழிந்தன.

மன்னரைக் கண்டபோது அரண்மனைக்குள்ளேயே தங்குமாறு அவர் கூறினார். அம்மையார் இசைந்திலர். மாலையில் அரண்மனைக் கதவங்கள் அடைக்கப்படும். அவற்றுள் வாழ்தல் சிறைவாழ்வாகும் என்றார். மாலைதோறும் போக வேண்டிய இடம் என்னவென்று மன்னர் ஐயுற்றுக் கேட்டார். வேற்றூரில் தனித்து வந்த கைம்பெண்ணுக்கு அக்கேள்வி எத்துணைக் கூர்மையாய்த் தைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தாம் எங்கும் போவதில்லை, போகும் உரிமை வேண்டும் என்பதே அவர் விடை. வீடு தருவதாகத் தாம் வாக்களித்ததை மன்னர் நினைவுகூரவில்லை. சின்னாளில் ஒரு வீடு காட்டப்பட்டது. மீன் சந்தையை அடுத்துக் குப்பையும் நாற்றமுமாய்க் கிடந்தது அது. அம்மையார் அதனை மறுத்துத் திரும்பினார். அவர் உவந்து குடிபுகத்தக்க வீடு அதற்கும் பின்னரே கிடைத்தது. இவ்வளவில் அவர் மேற்கொண்ட முறை நம் கருத்தைக் கவர்கின்றது. அழுதாரல்லர், பாடத்தை நிறுத்தினாருமல்லர். கேட்டதையே காணுந்தோறும் மீண்டும் கேட்டார். 

பள்ளி நடந்தது. அரண்மனையின் உட்புறத்தே பெண்டிர் மட்டும் வாழும் பகுதியில், இளவரசரும் இளவரசியரும் மன்னரின் மனைவியர் சிலரும் அவர்முன் இருந்து ஆங்கில நெடுங்கணக்குத் தொடங்கினர். மூத்த மாணவருள் ஒருவர் சுலாலங்கோர்ன். அப்பொழுது எட்டு வயதினர். படிப்பில் அவர் காட்டிய ஊக்கத்தை அம்மையார் வாயாரப் புகழ்ந்துள்ளார்.

ஆசிரியப் பணி மெல்லச் செயலாளர் பணியாகப் பெருகியது. மன்னர் ஐரோப்பியர் பலருக்கும் ஆங்கிலத்திற் கடிதம் எழுதுபவர். அவற்றைத் திருத்தவும் படியெடுக்கவும் மொழிபெயர்க்கவும் அம்மையார் அழைக்கப்பட்டார். வகுப்பு முடிந்தபின் எழுத்து வேலை. அதற்கு நேரவரையறை இல்லை. நியமனக் கடிதத்தில் இல்லாத கடமை மேன்மேலும் தலையில் ஏறுவது எத்தகையது என்பதை நம்மோடு பணிபுரியும் ஆசிரியருக்கு விரித்துரைத்தல் மிகை. ஒருமுறை, தாம் எழுதுவித்த கடிதமொன்றின் கருத்தை மன்னர் மாற்றிக்கொண்டு, அது அம்மையார் தாமே எண்ணி எழுதியது என்று எழுதித்தரும்படி வேண்டினாராம். அம்மையார் மறுத்துவிட்டார். சின்னாள் மன்னரின் சினத்துக்கு அஞ்சி வாழ்ந்ததாகவும் எழுதியுள்ளார்.

சம்பளம் நூறு வெள்ளியாகவே நின்றது. பணி மனநிறைவாயிருப்பின் உயர்த்துவதாக முன்பு சொல்லப்பட்டிருந்தது. ஆண்டுகள் சென்றபின் அதனை நினைவூட்டினார். மன்னர் மறுத்த வகை விந்தையானது. அம்மையார் இணக்கமில்லாதவர், பணிவினும் நியாயத்தையே பெரிதாகக் கருதுபவர் என்று குறைகூறினார் மன்னர். ஆசிரியை ஒருவருக்கு இதனினும் சிறந்த நற்சான்று உண்டோ என்று நமக்குத் தோன்றுகின்றது! மேலும், துன்புற்றோர் பலருக்காக நாள்தோறும் விண்ணப்பத்தோடு வந்து நிற்கிறாரே, அவர்களிடம் கட்டணம் பெற்றிருப்பின் இதற்குள் செல்வராகியிருக்கலாமே, அவ்வாறு செய்யாதது அறிவின்மை அன்றோ என்றும் வினவினார். மன்னர் கொடியவர் என்று இதனால் நாம் முடிபு செய்யவில்லை. அரண்மனை வழக்கில் அணுக்கமாயிருப்போர் காணிக்கையால் வாழ்வர். சம்பளம் ஒரு பெயரளவே. அம்மையாரோ சம்பளத்தால் வாழ வந்தவர். பேசாது விட்ட இடைவெளியில் இவ்விரு வழக்கமும் மோதின.

1867ஆம் ஆண்டு உடல்நலம் குன்றியமையால் விடுப்புப் பெற்று அம்மையார் சயாமை விட்டு நீங்கினார். ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட பணி. திரும்பி வருவதற்கு மேலான நிபந்தனைகள் வேண்டி எழுதிப் பேசிக்கொண்டிருக்கையில், மன்னர் தாம் முன்னரே கணித்திருந்த சூரிய கிரகணத்தைக் காணத் தென்சயாமின் சதுப்புநிலக் கரைக்குச் சென்றார். 1868 ஆகத்து 18இல் கிரகணம் கணித்தவாறே நிகழ்ந்தது. ஆனால் அங்கே பற்றிய மலேரியாக் காய்ச்சல் அவரை விடவில்லை. அக்டோபர் முதல் நாள் மறைந்தார். அவருடைய இறுதி விருப்ப ஆவணத்தில் அன்னாவின் பெயரும் லூயியின் பெயரும் இருந்தன. ஆயினும் அவ்வழியிற் பொருள் எதுவும் அவர்கள் கைக்கு வந்திலது. புதிய மன்னராகிய மாணவர் சுலாலங்கோர்ன் நன்றி நிறைந்த கடிதம் எழுதினார். மீண்டும் பணிக்கு அழைத்தாரல்லர்.

வேலையும் இல்லை, சேமிப்பும் இல்லை. அமெரிக்கா சேர்ந்த அம்மையார் எழுதத் தொடங்கினார். 1870இல் சயாம் அரசவை ஆங்கில ஆசிரியை என்ற பொருள்படும் நூலும், 1873இல் அந்தப்புரக் கதைகளாலான நூலும் வெளிவந்தன. இவற்றால் அவர் புகழும் வளர்ந்தது, ஐயமும் வளர்ந்தது. நிலவறைச் சிறைகளையும் உயிரோடு எரிக்கப்பட்ட காதலரையும் பற்றி அவர் எழுதியவை பிற்கால ஆய்வில் நிற்கவில்லை. தோண்டினால் நீரூறும் பாங்கொக் மண்ணில் நிலவறை ஏது என்று கேட்கின்றனர் அறிஞர். மன்னரைக் கொடுங்கோலராய்க் காட்டியமைக்காகத் தாய்லாந்து மக்கள் இன்றும் அவரை மன்னிக்கவில்லை. திரைப்படத்துக்கும் அங்கே தடை விதிக்கப்பட்டது. 1976இல் பிரிஸ்டோ என்னும் அறிஞர் அவருடைய பிறப்புக் கதையும் புனைவே என்று வெளிப்படுத்தியபின், அவர் சொல்லில் எதையுமே நம்பலாகாது என்போர் பெருகினர்.

நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை. தம் பிறப்பைப் பற்றிப் பொய்யுரைத்தவர், அந்தப்புரத்தைப் பற்றி மிகையுரைத்தவர், வீட்டையும் சம்பளத்தையும் பற்றிக் கூறியது பொய்யாகிவிடாது. அவ்விரண்டிலும் பிணக்கு இருந்ததற்கு மன்னரின் கடிதங்களே சான்று. பணிகொள்வோர் வாக்கு வழுவியதும், பணிசெய்வோர் தம் வரலாற்றை மறைத்ததும் ஒரே கதையில் நிகழ்ந்தன.

பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்வோம். 1878 முதல் கனடாவில் ஹலிபக்ஸ் நகரில் மகளின் குடும்பத்தோடு வாழ்ந்தார். பெண்கல்விக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் உழைத்தார். 1887இல் அந்நகரில் ஓவியக் கலைப்பள்ளி ஒன்றை நிறுவியோருள் அவர் தலையாயவர். அது வளர்ந்து பல்கலைக்கழக நிலை எய்தியுள்ளது. 1897இல் இலண்டன் வந்திருந்த சுலாலங்கோர்ன் மன்னரைச் சென்று கண்டார். முப்பதாண்டு கழிந்த சந்திப்பு. ஆசிரியை முதியவர், மாணவர் தம் நாட்டில் அடிமை முறையைப் படிப்படியாய் நீக்கிக்கொண்டிருந்த அரசர். மன்னர் நேரிலே தம் நன்றியைத் தெரிவித்தார். அம்மையார் 1915 ஜனவரி 19இல், எண்பத்து மூன்றாம் வயதில், மொன்றியல் நகரிற் காலமானார்.

மகன் லூயியைப் பற்றியும் ஒரு சொல். தாயோடு அரண்மனையிற் சயாம் மொழி பேசி வளர்ந்த அச்சிறுவன் 1881இல் அந்நாட்டுக்கே திரும்பிச் சென்று, தன்னோடு ஒரே வகுப்பிற் படித்த மன்னரின் குதிரைப்படையில் அதிகாரியானான். பின்னர்த் தேக்கு மர வாணிகத்தில் இறங்கி, 1905இல் தன் பெயரால் நிறுவனம் ஒன்றும் அமைத்தான். அந்நிறுவனம் நூறாண்டு கடந்தும் அப்பெயரோடு நிலைத்தது.