வாலாஜா நவாப்: துணைக்கு அழைத்தவர்களிடம் நாட்டை இழந்த கதை

மயிலாப்பூரிலும் அடையாறிலும் அன்றாடம் நடமாடும் நம்மில் பலருக்கு, 1746-ல் அடையாற்றங்கரையில் நடந்த போர் தெரியாது. ஆற்காடு நவாப் அன்வாருத்தீனின் பெரும்படையைப் பிரெஞ்சுக்காரர்களின் சிறுபடை அங்கே முறியடித்தது. ஐரோப்பியரின் போர்ப்பலம் அன்று வெளிப்பட்டது.

1749-ல் ஆம்பூர்ப் போரில் அன்வாருத்தீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாஹிபை நவாபாக்க முனைந்தனர். திருச்சியில் தஞ்சம் புகுந்த அன்வாருத்தீனின் மகன் முஹம்மது அலி வாலாஜா, ஆங்கிலேயரின் துணையை நாடினார். 1752-ல் சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். 1763-ல் பாரிஸ் உடன்படிக்கையில் இரு வல்லரசுகளும் முஹம்மது அலியை நவாபாக ஏற்றன. ஆற்காட்டின் நவாப் யார் என்பது ஐரோப்பாவில் எழுதப்பட்டது.

அந்த வெற்றிக்கு விலை இருந்தது. போர்ச்செலவு நவாபின் தலையில் விழுந்தது. கும்பினி அதிகாரிகளிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். நாட்டின் வரி வருவாய் அதற்கு ஈடானது. 1768-ல் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டி, ஆங்கிலேயர் கோட்டைக்கு அருகிலேயே வாழ்ந்தார். 1795-ல் வஃபாத்தானார். ஆறே ஆண்டுகளில், 1801-ல், ஆட்சியைக் கும்பினியே எடுத்துக்கொண்டது. வாரிசுகளுக்குப் பட்டமும் உதவித்தொகையும்தான் மிஞ்சின.

இன்று இலங்கையிலும் மாலத்தீவிலும் பெரிய நாடுகள் செல்வாக்குக்குப் போட்டியிடுகின்றன. கடனும் பாதுகாப்பும் ஒரே கையிலிருந்து வரும்போது என்ன நடக்கும் என்பதை நம் ஊர் நவாபின் வாழ்க்கை சொல்கிறது.