நகராத விசையும் நம்ம டெர்மினலும்

லினக்ஸ் லேபில் கறுப்புத் திரையைத் திறந்து தமிழில் ஒரு வரி அச்சிட்டுப் பார்த்திருக்கீங்களா? புள்ளி ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் போய் நிற்கும். இல்லேன்னா வரிசையா கட்டம் கட்டமா வரும். உடனே "தமிழ் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது" என்று முடிவு கட்டிடாதீங்க. இதே சிக்கலை இரும்பில் சந்தித்து ஜெயிச்ச ஒருத்தர் இருந்தார். பெயர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரியில் படிச்சு மறந்திருப்பீங்க.

1886 பிப்ரவரி 24 அன்று யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907-ல் பிழைப்புக்காக மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே அய்ல்ஸ்பரி அண்டு கார்லண்ட் என்ற தனியார் நிறுவனத்தில் சேர்ந்து, 1930 வரை வேலை பார்த்தார். இன்ஜினியரிங் பட்டம் எதுவும் கிடையாது, எழுத்தர் வேலைதான். ஆபீஸில் தினமும் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி தடதடவென ஓடுவதைப் பார்க்கப் பார்க்க, தமிழுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை.

கேள்வி சுலபம், கணக்குதான் உதைக்கும். தமிழில் எழுத்து 247. பொறியில் ஒரு விசைக்கு மேலும் கீழுமா இரண்டு வடிவம்தான். எப்படி நெருக்கினாலும் மொத்தம் நூறைத் தாண்டாது. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு விசையைத் தட்டினால் தாள் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். 'க' அடித்துவிட்டுப் புள்ளியை அடித்தால், புள்ளி தலைமேல் உட்காராமல் அடுத்த கட்டத்தில் போய் விழும்.

முத்தையா எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் போன்றவை பல எழுத்துக்குப் பொது; அதனால் அவற்றுக்குத் தனித்தனி விசை போதும். புள்ளிக்கு அவர் கண்ட வழிதான் 'நகரா விசை'. அதைத் தட்டினால் அச்சு விழும், ஆனால் தாள் நகராது. முதலில் புள்ளி, அப்புறம் 'க'. இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்து 'க்' ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் எழுதும் வரிசை வேறு, பொறியில் அடிக்கும் வரிசை வேறு. வரிசையை மாற்றியதால் இடம் கிடைத்தது.

முதல் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் நௌமான் நிறுவனத்தின் மூலம் பொறிகளைச் செய்ய வைத்தார். முதலில் வந்தது மேசையில் வைக்கும் பெரிய பொறி. குறைகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, பிறகு கையில் தூக்கிப் போகும் 'பிஜோ'வையும் கொண்டுவந்தார்.

சரி, இதுக்கும் யூனிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? டெர்மினலை யூனிக்ஸ் 'டிடிஒய்' என்று கூப்பிடுதே, அது டெலிடைப்ரைட்டர் என்பதன் சுருக்கம். அதாவது உங்க கறுப்புத் திரைக்கு மூதாதை ஒரு தட்டச்சுப் பொறி. அதே கட்டம், அதே நகர்வு. லினக்ஸின் வெறும் கன்சோலில் எழுத்துருவுக்கு 256 அல்லது 512 வடிவம்தான் இடம். கொம்பை முன்னால் தள்ளி, புள்ளியைத் தலையில் ஏற்றும் வேலையும் அதற்குத் தெரியாது. தமிழ் படிக்கணும்னா கான்சோல் மாதிரி வரைகலை டெர்மினலுக்கு வந்து, யுடிஎஃப்-8 அமைத்து, எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. பாதி தொல்லை அங்கேயே தீரும்.

மீதிப் பாதி நம்ம கையில். ஓடைப்பட்டியில் உங்க வீட்டுத் திராட்சைத் தோட்டத்து எடைக் கணக்கைப் பைத்தானில் எழுதுறீங்கன்னு வைங்க. 'திராட்சை' நம் கண்ணுக்கு நாலு எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் எட்டு என்கும். துணைக்காலையும் ஐகாரக் கொம்பையும் ஒரு நிரல் ஒரு கட்டம் என்று எண்ணும், இன்னொன்று பூஜ்யம் என்று எண்ணும். பெயரை முதல் பத்தியில் போட்டால் அடுத்த பத்தியில் வரும் கிலோ எல்லாம் கோணல்மாணலா ஓடும். யாருக்கு எத்தனை கிலோ என்று அப்பா வரியைப் பிடித்துப் படிக்க முடியாது. தப்பாப் படிச்சா நஷ்டம் காசில்.

முத்தையா செய்ததையே செய்யுங்க: வரிசையை மாத்துங்க. எண்களை முன்னால், தமிழ்ப் பெயரைக் கடைசிப் பத்தியில். பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை என்றால் எதுவும் கோணாது. ஒரு வரி மாற்றம்தான்.

ஜெர்மன் இரும்பைத் தமிழுக்கு வளைய வைக்க அந்த எழுத்தருக்கு வருஷக்கணக்கில் ஆனது. உங்களுக்கு மூல நிரலே திறந்து கிடக்குது. டெர்மினலில் தமிழ் உடைந்தால் ஆங்கிலத்துக்கு ஓடாதீங்க. எந்த விசை நகருது, எது நகரக் கூடாதுன்னு முதலில் பாருங்க.