எட்டி நின்று பார்த்துப் படித்தவர் – ஓவியர் ரவிவர்மா



மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்றார்கள். அப்துல் கலாமைப் பற்றி நாலு பேர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களாம். அதனால் நான் ஒரு ஓவியரைப் பற்றி எழுதுகிறேன். பாலிடெக்னிக் மலரில் ஓவியருக்கு என்னடா வேலை என்று கேட்காதீர்கள். கடைசி வரை பொறுமையாகப் படித்தால் நம்ம ஒர்க்‌ஷாப் வரைக்கும் வந்து சேரும்.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். 1747இல் கட்டிய பெரியநாயகி மாதா கோயில் இருக்கிற ஊர் என்றால் திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கப்பா கல் குவாரியில் வேலை பார்க்கிறார். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட சரஸ்வதி படம் ஒன்று இருக்கிறது. அப்பத்தா காலத்துப் படம். ஆற்றங்கரையில் ஒரு பாறை, அதன்மேல் வெள்ளைப் புடவை கட்டின அம்மன், கையில் வீணை, பக்கத்தில் மயில். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன். சரஸ்வதி என்றால் ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாறையையும் மயிலையும் புடவை மடிப்பையும் ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்து வரைந்தார் என்பதும், அவர் பெயர் ரவிவர்மா என்பதும் நம்ம நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. எங்க வீட்டில் இருப்பது அதைப் பார்த்துப் பிறகு யாரோ போட்ட நகல்.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29ஆம் தேதி, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிளிமானூர் என்ற ஊரில் பிறந்தார். அரண்மனைப் பிள்ளை. அப்பா சம்ஸ்கிருதப் பண்டிதர், அம்மா கவிதை எழுதுபவர். நம்மைப் போல் வறுமையில் வாடியவர் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சின்ன வயசில் அவர் கையில் கிடைத்தது அடுப்புக்கரிதான். வீட்டுச் சுவர் முழுக்கக் கிறுக்கி வைப்பாராம். வேலைக்காரர்கள் புலம்பினார்கள். அவருடைய தாய்மாமா ராஜராஜ வர்மாவுக்கு மட்டும் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த மாமாவே ஓவியர், தஞ்சாவூர் பாணியில் வரைபவர். மாமா பாதியில் விட்டுப்போன படத்தைப் பையன் முடித்து வைத்தான் என்று ஒரு கதையும் உண்டு. கதை நிஜமோ என்னவோ, மாமா அவருக்குப் படம் சொல்லிக்கொடுத்தது நிஜம்.

1862இல், பதினாலு வயசில், மாமாவே அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அப்போது அங்கே ஆயில்யம் திருநாள் மகாராஜா. கலைஞர்களை ஆதரிப்பவர். பையனின் கையைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிப் படிக்கச் சொன்னார்.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. மாமாவிடம் படித்தது நம்ம ஊர் முறை. மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்த நிறம், அதோடு பசை. நம்ம சித்தன்னவாசல் குகையில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளம் இருக்கிறதே, அதுவும் சுண்ணாம்பு, கரி, காவி மண் என்று கிடைத்ததை வைத்துப் போட்டதுதான். அந்த நிறங்கள் போட்ட வேகத்தில் காய்ந்துவிடும். ஒரு நிறத்தை இன்னொன்றோடு ஈரத்தில் இழைத்து, கன்னத்தின் உருட்சியையும் பட்டின் பளபளப்பையும் கொண்டுவருவது கஷ்டம். ஐரோப்பாவில் லின்சீட் எண்ணெயில் குழைத்த வண்ணம் பயன்படுத்தினார்கள். அது காய நாள் கணக்கில் ஆகும். அதுவரை இழைத்துக்கொண்டே இருக்கலாம். 1841இல் ஒரு அமெரிக்க ஓவியர் பேஸ்ட் டியூப் மாதிரி பிதுக்குகிற தகர டியூபைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு எண்ணெய் வண்ணத்தை எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போக முடிந்தது. ஆனால் நம்ம தேசத்துக்கு அது கப்பலில்தான் வரணும். வந்தாலும் எதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு டர்பன்டைன், எதை முதலில் பூசணும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் வேணுமே!

திருவனந்தபுரத்தில் அந்த வித்தை தெரிந்தவர் மதுரையிலிருந்து வந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். பையனை வளரவிட்டால் தனக்குப் போட்டியாக வந்துவிடுவான் என்று அவருக்குப் பயம். சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான், குருவுக்குத் தெரியாமல் வந்து ரவிவர்மாவுக்குச் சிலதைச் சொல்லிக்கொடுத்தார். இந்த ஆறுமுகம் பிள்ளையைப் பற்றிப் புத்தகங்களில் ஒரு வரிதான் வருகிறது. எனக்கு ரவிவர்மாவை விட இவரைத்தான் பிடித்திருக்கிறது.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரச குடும்பத்தை வரைய வந்தார். அவரும் சொல்லித்தரத் தயாராக இல்லை. மகாராஜாவுக்காக, தான் வரையும்போது நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். ரவிவர்மா நின்றார், பார்த்தார். பார்த்ததை இரவில் தன் அறையில் தானே செய்து பார்த்திருப்பார், கெடுத்திருப்பார், மறுபடி செய்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். வேறு எப்படி வந்திருக்கும்?

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன். ஒன்பதாவது லீவில் எழுத்து எழுதிப் பழகலாம் என்று பக்கத்து டவுனில் போர்டு எழுதுகிற ஒருவரிடம் போனேன். டீ வாங்கிவந்தேன், பிரஷ் கழுவினேன், கடை கூட்டினேன். எனாமல் பெயிண்ட் கலக்கும்போது மட்டும் என்னை எதையாவது வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவார். பத்து நாளில் புரிந்துவிட்டது. அப்புறம் எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தூரத்திலிருந்தே பார்த்தேன். எழுத்தின் அடிக்கோடு போட சுண்ணாம்பு நூலைச் சுண்டிவிடுவது, பிரஷ்ஷை உருட்டி முனை எடுப்பது, இரண்டும் அங்கிருந்து பார்த்துப் படித்ததுதான். கலவை மட்டும் கடைசிவரை தெரியவில்லை. இப்போது அவரே ஃப்ளெக்ஸ் கடைக்கு டிசைன் பிடித்துக்கொடுக்கிறார் என்று கேள்வி. கோபம் போய்விட்டது, வருத்தம்தான் மிச்சம்.

சரி, ரவிவர்மாவுக்கு வருவோம். 1873இல் சென்னைக் கண்காட்சியில், தலையில் பூச்சரம் சுற்றுகிற நாயர் பெண் படத்துக்கு கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே வருஷம் வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அதற்குப் பிறகு சமஸ்தானம் சமஸ்தானமாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்ம புதுக்கோட்டை ராமச்சந்திர தொண்டைமானையும் வரைந்திருக்கிறார். 1893இல் சிகாகோ கண்காட்சிக்குப் பத்துப் படங்கள் போய்ப் பதக்கத்தோடு திரும்பின. அவருக்கு வருகிற கடிதங்களுக்காகவே கிளிமானூரில் தபாலாபீஸ் திறந்தார்கள் என்று சொல்வார்கள்.

பரோடா மகாராஜா 1888இல் புராணக் கதைகளில் பதினாலு படங்கள் வேண்டும் என்றார். இதிலே ஒரு சிக்கல். சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடுத்துவது? கோயில் சிலையில் இருக்கிற மாதிரி வரைந்தால் எண்ணெய் வண்ணத்தில் உயிரோடு இருக்கிற பெண்ணாகிவிடும், சரிப்படாது. ஒவ்வொரு தேசத்துப் பெண்ணும் ஒவ்வொரு விதமாகக் கட்டுகிறாள். அதனால் ரவிவர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் (மாமா பெயரேதான் தம்பிக்கும்) மாதக்கணக்கில் வடநாடு முழுவதும் சுற்றினார்கள். கோயில், அரண்மனை, கடைத்தெரு எல்லாம் பார்த்தார்கள். கடைசியில் எல்லா ஊர்க்காரருக்கும் ஒத்துப்போகிற உடுப்பு புடவைதான் என்று முடிவு செய்தார். இன்றைக்கு நாடகத்திலும் சினிமாவிலும் சீரியலிலும் தேவிகள் கட்டுகிற புடவை அந்தப் பயணத்தில் ஆரம்பித்தது என்றே சொல்லலாம். ஒரு குறையும் சொல்லத்தான் வேணும். அவருடைய தேவிகள் பெரும்பாலும் நல்ல சிவப்பு. எங்க வீட்டில் அந்த நிறத்தில் ஒருத்தர்கூடக் கிடையாது. அப்பத்தா ஒரு நாளும் அதைக் கேள்வி கேட்டதில்லை, நான்தான் இப்போது கேட்கிறேன்.

எண்ணெய் ஓவியம் ஒன்றுதான் இருக்கும், அது ராஜாவின் சுவரில் இருக்கும். எல்லாருக்கும் கிடைக்க ஐரோப்பாவில் அச்சடிக்கலாமே என்று கும்பகோணத்துக்காரரான திவான் சர் டி. மாதவராவ் முன்பே அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். ரவிவர்மா அச்சகத்தையே இங்கே கொண்டுவந்துவிட்டார். 1894இல் பம்பாய் கிர்காவில் ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் டெக்னீஷியன்களோடு அச்சகம் தொடங்கியது.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டோம். இந்த அச்சு கல்லில்தான் அடிப்பது! பெயர் லித்தோகிராபி. 1796 வாக்கில் பவேரியாவில் ஸெனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்தது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் படத்தை இடவலம் மாற்றி வரையணும். கல்லைத் தண்ணீரால் நனைத்தால் வரையாத இடம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மை உருளையை ஓட்டினால் ஈரத்தில் மை ஒட்டாது, வரைந்த கொழுப்பில் மட்டும் ஒட்டும். காகிதத்தை வைத்து அழுத்தினால் படம். ஆஃப்செட் அச்சுக்கும் இதே தத்துவம்தான். ஆனால் ஒரு கல்லுக்கு ஒரு நிறம். சரஸ்வதியின் புடவை, மயிலின் கழுத்து, ஆற்றுத் தண்ணீர் எல்லாம் சேர ஒரு படத்துக்குப் பத்துக் கல்லுக்கு மேல்கூடப் போகும். ஒவ்வொரு தடவையும் காகிதம் அதே இடத்தில் உட்காரணும். ஒரு மயிரிழை நகர்ந்தால் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். லேத்தில் ஜீரோ செட்டிங் தப்பினால் நம்ம ஜாப் என்ன ஆகும், அதே கதைதான்.

படங்கள் வீடு வீடாகப் போயின. கோயிலுக்குள் விடாத ஜனங்கள்கூடக் கடவுளைத் தங்கள் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. பெண்கள் அந்தப் படத்தின்மேல் ஜரிகையும் துணியும் மணியும் ஒட்டித் தங்கள் கைவேலையையும் சேர்த்தார்கள். ஆனால் அச்சகம் லாபத்தில் ஓடவில்லை. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது, ஆட்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அச்சகத்தை லோனாவ்லா பக்கம் மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறியது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடமே அச்சகத்தை விற்றுவிட்டார். படங்கள் தொடர்ந்து அச்சாகின. 1905இல் தம்பி இறந்தார். கூடவே இருந்து பாதி வேலையைச் சுமந்தவர் அவர். மறு வருஷம் 1906 அக்டோபர் 2ஆம் தேதி, கிளிமானூரிலேயே ரவிவர்மாவும் காலமானார். வயசு ஐம்பத்தெட்டு. அவருக்கப்புறம் அந்த வழியில் வந்தவர்தான் நம்ம கோவில்பட்டி கொண்டையராஜு. நாடகத்துக்குத் திரை வரைந்தவர், பிறகு அவர் படங்கள் சிவகாசி காலண்டரில் ஏறின.

போன பொங்கல் லீவில் இதையெல்லாம் எங்கப்பாவிடம் சொன்னேன். படம், ராஜா, பதக்கம் எதுவும் அவருக்கு ஏறவில்லை. கல்லில் அச்சடித்தார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தக் கல், எவ்வளவு கனம், எதை வைத்துத் தேய்த்தார்கள், நம்ம கல்லு அதுக்கு ஆகாதா என்று வரிசையாகக் கேட்டார். நம்ம பக்கத்துக் கருங்கல் ஆகாதுப்பா, ஈரத்தையும் கொழுப்பையும் உறிஞ்சுகிற சுண்ணாம்புக் கல்தான் வேணும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுந்துபோய், சரஸ்வதி படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் பார்த்தவரை அவர் அந்தப் படத்தைக் கையில் எடுத்தது அன்றைக்குத்தான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆஃப்செட் படத்தில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும், கல் அச்சில் அப்படி வரிசை இருக்காது. எங்க வீட்டுப் படத்தில் வரிசைதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில், பாட்டி வீட்டுச் சுவரில், அடியில் ரவிவர்மா பிரஸ் என்று அச்சடித்த பழைய படம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கேட்கவெல்லாம் மாட்டேன், ஒரு தடவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். மெக்கானிக்கல், இரண்டாம் ஆண்டு, ஆவூர்ப் பையன் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.