‘பிரிண்ட்’ என்றால் ஏன் ஸ்கிரீனில் வருகிறது? யூனிக்ஸைக் காப்பாற்றிய ஜோ ஒசன்னாவின் கதை

ஆரோவில் பக்கத்து இடையஞ்சாவடியோ, சென்னை ஓஎம்ஆரோ, மெயிலை பிரிண்ட் எடுக்கணும்னா பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். ஜெராக்ஸ் கடையின் மெயில் ஐடிக்கு ஃபார்வர்டு பண்ணிவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஆனால் லினக்ஸ் டெர்மினலில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ஒற்றை எழுத்து வேலை. ‘மட்’ என்ற மெயில் புரோகிராமில் ஒரு கடிதத்தின் மேல் நின்று ‘பி’ தட்டி, ஆமாம் என்று சொன்னால், அது ‘எல்பிஆர்’ என்ற கட்டளை வழியாக நேராக பிரிண்டருக்குப் போய்விடும்.

அதே ‘பி’யை ‘மெயில்எக்ஸ்’ என்ற பழைய புரோகிராமில் தட்டிப் பாருங்கள். பிரிண்டர் அசையாது, கடிதம் ஸ்கிரீனில் வரும். பைதானிலும் ‘பிரிண்ட்’ என்றால் ஸ்கிரீன்தான். ஏன் இந்தக் குழப்பம்? பதில், நாற்பத்தெட்டு வயதில் இறந்துபோன ஒரு இன்ஜினீயரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர் பெயர் ஜோசப் ஃபிராங்க் ஒசன்னா. சக ஊழியர்களுக்கு ஜோ.

யார் இந்த ஒசன்னா?

1928 டிசம்பர் 10ஆம் தேதி அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். அங்கேயே வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து 1952ல் பட்டம் வாங்கினார். வேலை கிடைத்தது பெல் லேப்ஸில். டிரான்சிஸ்டர் பிறந்த அதே ஆய்வகம். ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பு, மொபைல் ரேடியோவில் சிக்னல் ஏன் மங்குகிறது என்ற ஆராய்ச்சி, கம்ப்யூட்டர் மையத்தை நடத்துவது எனப் பல வேலைகள் பார்த்தவர், 1960களில் மல்டிக்ஸ் திட்டத்துக்குள் வந்தார். பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றை எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய திட்டம் அது.

அதில் ஒசன்னா எடுத்துக்கொண்டது பலருக்கும் பிடிக்காத பகுதி: எழுத்து உள்ளே வருவதும் வெளியே போவதும். 1970ல் எம்ஐடியின் ஜெரோம் சால்ட்ஸருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், டெர்மினலில் தட்டும் எழுத்துகளை கம்ப்யூட்டர் எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினார். அவர்கள் வைத்த விதி எளிமையானது. விசைகளை எந்த வரிசையில் தட்டினாலும் சரி, காகிதத்தில் கடைசியாக என்ன தெரிகிறதோ அதுதான் கணக்கு.

காகிதமா? ஆமாம். அன்றைக்குப் பெரும்பாலான டெர்மினல்களில் ஸ்கிரீனே கிடையாது. டெலிடைப் என்ற மின் தட்டச்சு இயந்திரம்தான் டெர்மினல். அதில் மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துகளும், மாடல் 37 நொடிக்கு 15 எழுத்துகளும் அடிக்கும். கம்ப்யூட்டர் பதில் சொன்னால், அது உருளையில் சுற்றிய தாளில் அச்சாகி வரும். மெயிலைப் படிப்பதும் பிரிண்ட் எடுப்பதும் அப்போது ஒரே வேலை. பின்னால் ஸ்கிரீன் வந்தது. ‘பிரிண்ட்’ என்ற சொல் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

காகிதத்தைக் காட்டி வாங்கிய கம்ப்யூட்டர்

1969ல் மல்டிக்ஸிலிருந்து பெல் லேப்ஸ் விலகியது. செலவு ஏறிக்கொண்டே போனதும், திட்டம் இழுத்துக்கொண்டே போனதும்தான் காரணம். இயங்குதளம் என்ற பேச்சை எடுத்தாலே நிர்வாகம் முகம் சுளித்த காலம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஒரு பழைய பிடிபி-7 மெஷினில் யூனிக்ஸை எழுதத் தொடங்கியிருந்தார்கள். பெரிய மெஷின் கேட்டு அனுப்பிய கோரிக்கைகள் திரும்பி வந்தன.

1970ல் புதிய கோரிக்கை போனது. பிடிபி-11 என்ற சின்ன மெஷின், விலை சுமார் 65,000 டாலர். இந்த முறை இயங்குதளம் கேட்கவில்லை. ஆவணங்களைத் திருத்தி, ஒழுங்குபடுத்தி, அச்சடிக்கும் சிஸ்டம் ஒன்றைச் செய்து தருகிறோம் என்றார்கள். மற்றவர்களின் கண் இயங்குதளத்தின் மேல்தான் இருந்தது. ஒசன்னாவுக்கோ அந்த வாக்குறுதியே முக்கியம்.

யாருக்கு அந்த சிஸ்டம் தேவை? பெல் லேப்ஸின் காப்புரிமைத் துறைக்கு. கண்டுபிடிப்புகளுக்கான விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்வதுதான் அங்கே தினசரி வேலை. ஒரு வரி மாறினால் பக்கம் முழுக்கத் திரும்ப அடிக்கணும். பக்கத்துக்குப் பக்கம் வரி எண்ணும் போடணும். வெளியே ஒரு நிறுவனத்திடம் மெஷின் வாங்கவே அந்தத் துறை யோசித்துக்கொண்டிருந்தது. வரி எண்களும் வரும், மாடல் 37 டெலிடைப்பில் கணிதக் குறிகளும் அச்சாகும் என்று காட்டித்தான் யூனிக்ஸ் குழு அவர்களை இழுத்தது.

1971ன் இரண்டாம் பாதியில் மூன்று தட்டச்சர்கள் அந்த மெஷினில் உட்கார்ந்து நிஜமான விண்ணப்பங்களை அடித்தார்கள். மெமரி 24 கேபி, டிஸ்க் அரை எம்பி. மூன்று பேரும் டைப் செய்யும் அதே நேரத்தில் ஆய்வாளர்களும் அதே மெஷினில் யூனிக்ஸை வளர்த்தார்கள். சோதனை வென்றது. யூனிக்ஸின் முதல் வாடிக்கையாளர் காப்புரிமைத் துறை ஆனது. அந்த நம்பிக்கைதான் அடுத்த, பெரிய பிடிபி-11/45 மெஷினைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டில் ‘மெயில்’ கட்டளையும் இருந்தது. கடிதம் வந்திருந்தால் அதை டெலிடைப்பில் அச்சடித்துவிட்டு, சேமிக்கவா என்று கேட்கும். அவ்வளவுதான்.

டிராஃப் பிறந்தது

சால்ட்ஸர் எழுதிய ‘ரன்ஆஃப்’ புரோகிராமின் வழியில் வந்தது ‘ராஃப்’. அதைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்த ‘என்ராஃப்’பை ஒசன்னா எழுதினார். பயனர் தானே புதுக் கட்டளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் பலம். 1973 வாக்கில் அச்சகங்களுக்கான ஒளி எழுத்துக்கோப்பு இயந்திரம் ஒன்று வந்து சேர்ந்தது. ஃபிலிமில் உள்ள எழுத்துகள் வழியாக ஒளியைப் பாய்ச்சி, ஒளி உணர் தாளில் பதிக்கும் மெஷின். அதற்காக அவர் எழுதியதுதான் ‘டிராஃப்’. ஆராய்ச்சியாளர் தன் கட்டுரையைப் புத்தகத் தரத்தில் தானே அச்சுக்குக் கோக்க முடிந்தது.

முதலில் அசெம்பிளி மொழியில், 1975 வாக்கில் சி மொழியில் மறுபடியும் எழுதினார். 1976 அக்டோபரில் கையேட்டையும் எழுதி முடித்தார். 1977 நவம்பர் 28ஆம் தேதி இதய நோயால் காலமானார். 49ஆவது பிறந்தநாளுக்கு இன்னும் 12 நாள் இருந்தது.

அடுத்த ஆண்டே வெளிவந்தது கெர்னிகன், ரிச்சி எழுதிய சி மொழிப் புத்தகம். நம்ம ஊர் இன்ஜினீயரிங் மாணவர்களும் புரட்டிய அந்தப் புத்தகத்தை ஆசிரியர்களே யூனிக்ஸில் அச்சுக்குக் கோத்தார்கள். பின்னால் நின்றது டிராஃப்.

புரியாத கோட், புதிய கை

ஒசன்னா போனபின் ஒரு சிக்கல். டிராஃப் அந்த ஒரே மெஷினுக்காக எழுதப்பட்டது. கோட் ரொம்ப அடர்த்தி. உள்ளே குறிப்புகள் அரிது. மெஷின் பழசானால் புரோகிராமும் செத்துவிடும். 1979ல் பிரையன் கெர்னிகன் தயங்கித் தயங்கித்தான் அதில் கை வைத்தார். எந்த பிரிண்டருக்கும் பொருந்தும்படி மாற்ற அவருக்கு நிறைய உழைப்பு தேவைப்பட்டது. எழுதியவர் தலையில் மட்டும் இருக்கும் அறிவு என்ன ஆகும் என்பதற்கு ஐடி உலகம் ஆரம்பத்திலேயே பார்த்த உதாரணம் இது.

1983ல் டூரிங் விருது தாம்சனுக்கும் ரிச்சிக்கும் கிடைத்தது. ஒசன்னாவின் பெயர் வெளியே அதிகம் தெரியாமலே போனது.

தமிழில் மெயில் பிரிண்ட் எடுப்பவர்களுக்கு

ஒசன்னாவின் காலத்து டெர்மினல்கள் ஆங்கில எழுத்துகளுக்கானவை. தமிழ் மெயில் இன்று யூனிகோடில் எழுதப்பட்டு, பெரும்பாலும் ‘பேஸ்64’ என்ற உருவில் மாற்றி அனுப்பப்படுகிறது. அந்த மூல வடிவத்தை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளினால், ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குப்பைதான் தாளில் வரும். மட்டில் ‘பிரிண்ட் டிகோட்’ என்ற செட்டிங் வழக்கமாக ஆன் ஆகவே இருக்கும். அதை அணைக்காமல் விட்டாலே இந்தச் சிக்கல் வராது. அதன்பின் பிரிண்டர் பக்கம் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

லினக்ஸில் ஒரு கட்டளைக்கு உதவி கேட்டு ‘மேன்’ என்று தட்டினால் வரும் பக்கத்தைப் பெரும்பாலும் ஒழுங்குபடுத்தித் தருவது ‘ஜிராஃப்’. 1990ல் ஜேம்ஸ் கிளார்க் வெளியிட்ட அந்த மென்பொருள், ஒசன்னாவின் என்ராஃப், டிராஃப் இரண்டுக்கும் எழுதப்பட்ட இலவச மாற்று. அவர் வகுத்த கட்டளைகள் அதில் இன்றும் வேலை செய்கின்றன.